தம்பி போட்டோ ஏறமாட்டேங்குதுங்க

“ஏனுங்க, என்ற பையனை வேண்டாம்னு சொல்றதுக்கு நீங்க யாருங்க? பொண்ணு ஊட்டுக்காரங்க சொன்னா அது வேற. நீங்க பொண்ணு வெச்சிருக்கீங்களா?”

என்னிடம் பெண் இல்லை. இரண்டு பையன்கள், அடுப்பில் பொங்கி வழிகிற ரசம், ஒரு ஜாவா அப்ளிகேஷன், இவ்வளவுதான் இருந்தது. ஒரு திருமணத் தகவல் மையத்தின் இணையதளத்தில் போட்டோவும் ஜாதகமும் ஏற்றுகிற பக்கத்தைக் கோயமுத்தூர், போத்தனூர் வீட்டில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொள்கிறவள் நான். இந்தத் தொழிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் நாம் என்று ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒன்று நின்றுபோனால் கொங்கு நாடு முழுக்க நம் போன் நம்பர் தெரிந்துவிடும்.

மையத்தை நடத்துகிறவர் என் நாத்தனாரின் கணவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இணையதளத்தை எழுதிக் கொடுத்த பையன் கனடா போய்விட்டான். கல்யாணத்துக்கு முன்னால் நான் சில வருஷம் ஜாவாவில் வேலை பார்த்தவள் என்பது அண்ணாவுக்கு ஞாபகம் வந்தது. “நீ படிச்சதுதானேம்மா” என்றார். இட்லி சுடத் தெரிந்தவளிடம் கிரைண்டரைக் கழற்றி மாட்டச் சொன்ன மாதிரி. நானும் வீம்புக்குக் கழற்றினேன். உங்களில் யாராவது அப்லோடு பக்கம் எழுதியிருந்தால், அல்லது அதன் முன்னால் உட்கார்ந்து, சுற்றிக்கொண்டே இருக்கிற அந்த வட்டத்தை முறைத்திருந்தால், நீங்களும் எனக்குச் சொந்தம்தான்.

நிராகரிக்கப்பட்டது

சண்டைக்கு வந்தவர், நாங்கள் சத்தி என்று சொல்கிற சத்தியமங்கலம் பக்கத்துச் சரஸ்வதி அக்கா. மகன் பெயர் செந்தில். வயது முப்பத்தேழு. வாழையும் மஞ்சளும் போடுகிறார். தோட்டம் இருக்கிறது, வீடு இருக்கிறது, கெட்ட பழக்கம் இல்லை, பெண் கிடைக்கவில்லை. தோட்டத்துப் பையன் என்று எழுதியிருந்தாலே பெண் வீட்டார் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிற காலம் இது. போட்டோவையாவது பார்க்கட்டும் என்று அக்கா நினைத்தார். அந்தப் போட்டோ நாலு எம்.பி. இருந்தது. நாமாக வேறு வரம்பு எழுதி வைக்காவிட்டால் ஒரு எம்.பி.க்கு மேல் எதையும் உள்ளே விடாது எங்கள் அப்ளிகேஷன். கனடாக்காரன் எதையும் எழுதி வைக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். திரையில் வருகிற ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்குகிறேன் என்று கிளம்பினேன் நான். கான்வென்ட்டில் படித்தவளுக்குத் தமிழ் என்றாலே மேடைத் தமிழ்தான். ‘தங்கள் கோப்பு நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிவைத்தேன். கல்யாணத்துக்குப் பதிகிற இடத்தில்! கோப்பு என்றால் போட்டோங்க, பையன் இல்லீங்க என்று ரசம் வற்றும்வரை விளக்கினேன். அக்கா கடைசியில் குரலை இறக்கினார்.

“சரி கண்ணு, உடுங்க. பொண்ணு ஊடுங்கதான் ஒத்துக்கலீனு பாத்தா, மெசினுக்குமா என்ற பையனைப் புடிக்கலீங்கறது?”

கேட்டை மறந்துவிட்டேன்

அந்தக் குரலுக்காகவே அன்று மத்தியானம் வரம்பை ஐந்து எம்.பி. ஆக்கினேன். இதற்கு இரண்டு வரி எழுதவேண்டும்: ஒரு கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம், ஒரே தடவையில் அனுப்புகிற மொத்தமும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம். இரண்டையும் எழுதினேன். என் லேப்டாப்பில் ஜம்மென்று ஏறியது. அக்காவைக் கூப்பிட்டு, இப்போது போடுங்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.

எங்கள் அப்ளிகேஷனுக்கு முன்னால் இன்னொரு சர்வர் நிற்கிறது. வெளியிலிருந்து வருவதை வாங்கி உள்ளே கொடுப்பது அதுதான். அதற்கும் ஒரு எம்.பி. என்று தனி வரம்பு உண்டு. வீட்டுக் கதவை இடித்து அகலமாக்கிவிட்டு, காம்பவுண்டு கேட்டைப் பார்க்க மறந்திருக்கிறேன். அந்த சர்வருக்குத் தமிழும் தெரியாது. வெள்ளைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ வருகிறது என்று அக்கா சொல்ல, படிக்கச் சொன்னேன். போன் கைமாறியது. முதல் தடவையாகச் செந்திலின் குரலைக் கேட்டேன். கூச்சத்தோடு, ஒவ்வொரு வார்த்தையாக: “ரிக்வெஸ்ட்... என்டிட்டி... டூ லார்ஜ்னு போட்டிருக்குதுங்க்கா.” அதற்கு என்ன அர்த்தம் என்று பின்னாலிருந்து அக்கா கேட்டார். மகன் சொல்லியிருப்பார் போல. போன் பிடுங்கப்பட்டது.

“அவன் அவ்வளவு குண்டெல்லாம் இல்லீங்க அம்மணி. அந்தச் சட்டை அப்படிக் காட்டுது.”

மரியாதை

கேட்டைக் கவனிக்கிறவர்கள் வேறு ஆட்கள். கெஞ்சியதில் இரண்டு எம்.பி. வரை விடுகிறோம் என்றார்கள். எனவே பெரிய போட்டோவைச் சின்னதாக்கித்தான் போடவேண்டும், அதை ஜனங்களுக்குச் சொல்லவும் வேண்டும். என் மேடைத் தமிழை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: ‘போட்டோ கொஞ்சம் பெருசா இருக்குதுங்க. பக்கத்துல ஸ்டூடியோவுல குடுத்து, சின்னதாக்கிப் போடுங்க. சிரமத்துக்கு மன்னிச்சுக்குங்க.’

அண்ணாவுக்குப் பிடிக்கவில்லை. “வெப்சைட்டாம்மா இது? ஒறம்பரை ஊட்டுல சொந்தக்காரங்க பேசற மாதிரியல்ல பேசுது” என்றார். ‘ங்க’ போட்டால் சர்வரில் இடம் ஒன்றும் அடைக்காது, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். போன் பாதியாகக் குறைந்தது. திட்டுகிற போன் அறவே நின்றுபோனது.

அந்த வாரம் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கூப்பிட்டார். நான் இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்றிருந்தேன். என்ன பிரச்சனை, ஜாதகமா போட்டோவா, சீக்கிரம் சொல்லுங்கள் என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “பிரச்சனை ஒண்ணுமில்லீங்க. உங்க ஆபீசுல மரியாதையாப் பேசறது அந்த மெசினு ஒண்ணுதானுங்க. அதைச் சொல்லிப்போட்டு வெச்சறலாம்னு கூப்பிட்டேன்.”

மார்கழி

சரஸ்வதி அக்கா மட்டும் இன்னும் போட்டோ ஏற்றவில்லை. கேட்டதற்கு, “மார்கழி பொறந்திருச்சே கண்ணு. இப்பத் தொட்டாக் கூடி வருமா? தை ஒண்ணாந்தேதி போட்டர்றேன்” என்றார். அவர் மட்டுமா? எல்லாரும் அப்படித்தான். மாதம் முழுக்க ஒரு போட்டோ, ஒரு ஜாதகம் வரவில்லை. நான் மத்தியானத்தில் தூங்கினேன். இந்த வேலையை எடுத்த நாளிலிருந்து அனுபவித்த ஒரே சுகம்.

தை பிறந்தது. வாசலில் பொங்கல் பொங்குகிறது, உள்ளே போன் பொங்குகிறது. ஊரே ஒன்றுசேர்ந்து பொத்தானை அமுக்கியிருக்கிறது. ஒன்றும் ஏறவில்லை. கையில் கரண்டியோடு உட்கார்ந்து தேடினேன். நாம் அனுப்புகிற கோப்பை ஜாவா முதலில் ஒரு தற்காலிக இடத்தில் இறக்கிவைத்துக்கொண்டு, பிறகுதான் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும். எந்த இடம் என்று நாம் சொல்லாவிட்டால், சிஸ்டத்தின் பொது மூலையில் தானாக ஒரு ஃபோல்டரைப் போட்டுக்கொள்ளும். அந்த மூலையில் பத்து நாளுக்கு மேல் யாரும் தொடாமல் கிடப்பதையெல்லாம் சிஸ்டம் கூட்டிப் பெருக்கிவிடும். மார்கழியில் யார் தொட்டார்கள்? ஃபோல்டரையே அள்ளிக்கொண்டு போய்விட்டது. கனடாக்காரன் இதையெல்லாம் ஓட்டிப் பார்த்தது ஆவணியில், முகூர்த்தக் கூட்டத்தில். அவனுக்கு எப்படித் தெரியும்?

நமக்கென்று ஒரு தனி ஃபோல்டரைக் காட்டி ஒரு வரி எழுதினேன். மறுபடி ஓட விட்டேன். சற்று நேரத்தில் சத்தியிலிருந்து போன். பின்னால் சேவல் கூவுகிறது, யாரோ சிரிக்கிறார்கள், அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது.

“ஏறிருச்சுங்க கண்ணு! இனி எறங்காமப் பாத்துக்குங்க!”

எல்லாரும் தம்பி

இறங்கவில்லை. அதைவிட மோசமாக நடந்தது.

செல்போனில் எடுத்த படத்துக்குப் போனே நீளமாக ஒரு நம்பரைப் பெயராக வைத்துவிடும். அதனால் இரண்டு வீட்டுப் போட்டோவுக்கு ஒரே பெயர் வந்ததே இல்லை. நான்தான் மரியாதையாக எழுதி எல்லாரையும் ஸ்டூடியோவுக்கு அனுப்பினேனே! ஸ்டூடியோக்காரர் படத்தைச் சின்னதாக்கிவிட்டு, என்ன பேர்ல சேவ் பண்ணட்டுங்க என்று கேட்கிறார். நம் ஊரில் பெற்ற மகனை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? தம்பிதான். மகளென்றால் பாப்பா. முப்பத்தேழு வயதானாலும் தம்பிதான். “தம்பின்னு போடுங்க” என்றிருக்கிறார்கள். ஈரோட்டில் ஒரு தம்பி, பல்லடத்தில் ஒரு தம்பி, சத்தியில் ஒரு தம்பி. கோப்பு எந்தப் பெயரில் வருகிறதோ அதே பெயரில் எடுத்து வைக்கும்படி எழுதியிருந்தான் கனடாக்காரன். பின்னால் வந்த தம்பி முன்னால் வந்த தம்பியின் மேல் உட்கார்ந்துவிட்டான். எல்லாத் தம்பிகளின் பக்கத்திலும் கடைசித் தம்பியின் முகம்.

எனக்குத் தெரியவந்தது பல்லடத்து அப்பா ஒருவரால். கோபமே இல்லை. உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார்: “ஏனுங்க, என்ற பையனுக்கு எப்பங்க தாடி வந்துச்சு?”

பவானியிலிருந்து கூப்பிட்டார்களாம்

இனி எந்தப் பெயரில் வந்தாலும், யாருக்கும் வராத ஒரு பெயரை சர்வரே வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். ஆனால் அழிந்த போட்டோ அழிந்ததுதான். ஒவ்வொரு தம்பி வீட்டுக்கும் போன் போட்டு, தயவுசெய்து திரும்ப ஏற்றுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். சத்திக்கு நான் கூப்பிடும் முன்னால் அக்காவே கூப்பிட்டுவிட்டார். “அம்மணி, பவானியிலிருந்து அவுங்களே கூப்பிட்டாங்க! நம்மளா யாரையும் கேக்கல, அவுங்களா! பொண்ணு காலேஜுல பாடம் நடத்துதாம். போட்டோவைப் பாத்துப்போட்டு, நேர்ல பேசலாம்னாங்களாம். முதத் தடவைங்க. நாலஞ்சு வருசத்துல இதான் முதத் தடவை!”

நான் செந்திலின் பக்கத்தைத் திறந்தேன். அதில் இருந்தது பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற ஒரு தம்பி. கத்தரித்த தாடி, கறுப்புக் கண்ணாடி, பின்னால் ஏதோ மலை. என் வாய்க்குப் பயந்து எங்கள் தெருவில் குப்பை வண்டிகூட நேரத்துக்கு வரும். அந்த வாயை வைத்துக்கொண்டு அன்று இரண்டு தடவை ‘அக்கா’ என்று ஆரம்பித்து, மூன்றாவது தடவை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றியிருப்பேன். பின்னால் சேவல் கூவியது.

“அப்ப அந்த அம்மணிக்குப் புடிச்சது எந்தத் தம்பியைங்க?”

மெஷினுக்குச் சாட்சி

பவானிக்கு நானே பேசினேன். போனை எடுத்தது அந்தப் பெண்ணேதான். பெயர் நந்தினி. நடந்ததைச் சொன்னேன். அசைன்மென்ட் ஏன் எழுதவில்லை என்று காரணம் சொல்கிற மாணவனைக் கேட்பதுபோலக் கேட்டாள். சரியான போட்டோவை அனுப்புகிறேன் என்றேன். செந்திலிடம் வாங்கி அனுப்பியும் வைத்தேன். வாழைக்கு நடுவில் நின்றுகொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார். சட்டை உண்மையிலேயே அவரைக் குண்டாகத்தான் காட்டியது.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டதாம், இனி வேண்டாம் என்றால் ஆயிரம் கேள்வி வருமாம். கூடுதுறைக் கோவிலில் வைத்து ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை.

“போட்டோ மாறுனது மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பண்ணுன தில்லுமுல்லுன்னு எங்கப்பா நெனைக்கறாருங்க. மெசினு பண்ணுன தப்புன்னு நீங்களே வந்து சொல்லிருங்க.”

கூடுதுறையில்

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஒரு மெஷினுக்காகப் பரிந்துபேசக் கோயமுத்தூரிலிருந்து பவானிக்குப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நந்தினியின் அப்பாவுக்கு ஜமுக்காள வியாபாரம். பிரகாரத்தில் ஒரு தூணோரம் நிற்கவைத்து, ஒரே பெயரில் இரண்டு கோப்பு வந்தால் என்ன ஆகும் என்று விளக்கினேன். “லாரி ஆபீசுல ரெண்டு பேல் கட்டு ஒரே பேருக்குப் போனா இந்தக் கூத்துதானுங்க” என்றார். ஆனால் முகம் இளகவில்லை. செந்திலை மேலும் கீழும் பார்த்தார். செந்தில் தரையைப் பார்த்தார். அக்கா பூக்கூடையைப் பார்த்தார். எனக்குப் பொறுமை கம்மி. யாராவது ஏதாவது பேசித் தொலையுங்களேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் நந்தினி செந்திலிடம் கேட்டாள்: “அந்தப் போட்டோவுல இருந்தவரு என்னங்க ஆனாரு?”

“அவருக்கு நிச்சயம் ஆயிருச்சுங்களாம்” என்றார் செந்தில், தரையைப் பார்த்தபடியே. “நாந்தான் மிச்சங்க.”

அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. இரண்டு பேரும் படித்துறைப் பக்கம் போய்ச் சற்று நேரம் நின்று பேசினார்கள். நாங்கள் இங்கே நின்று பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தோம். திரும்பி வந்ததும் அப்பா கும்பிட்டார். “ரொம்பச் சந்தோசமுங்க. ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லியனுப்பறோமுங்க. போயிட்டு வாங்க.” எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். கூட இரண்டு ‘ங்க’ சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

கோபுர வாசலில் அக்கா செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டே சொன்னார்: “இவ்வளவு மரியாதையாச் சொன்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமுங்க அம்மணி. எனக்குத் தெரியாதுங்களா?”

இன்று காலை

அதற்குப் பிறகு சத்தியிலிருந்து போன் இல்லை. நான் நிம்மதியாக இருந்தேன் என்று எழுத ஆசைதான். போன் அடிக்கும்போதெல்லாம் சேவல் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது.

பெண் வீட்டார் பெரும்பாலும் போட்டோ போடுவதில்லை. போட்டாலும், அவர்கள் யாருக்கு அனுமதி கொடுக்கிறார்களோ அவர்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. இன்று காலை, இரவு வந்த கோப்புகளெல்லாம் ஒழுங்காக ஏறியிருக்கின்றனவா என்று வழக்கம்போலப் பார்த்துக்கொண்டு வந்தேன். பவானியிலிருந்து ஒன்று இருந்தது. நந்தினி. இதுவரை ஒரு போட்டோகூடப் போடாதவள் ஒன்று போட்டிருக்கிறாள். படித்துறையில், அன்று கட்டியிருந்த அதே பச்சைப் புடவையில், எதற்கோ சிரித்துக்கொண்டு. அன்று அந்தப் படியில் அவளோடு நின்றது, இதை எடுத்திருக்கக்கூடியது, ஒரே ஒரு ஆள். அந்த ஆள் ஒரு வார்த்தை அம்மாவிடம் சொல்லவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யார் யார் பார்க்கலாம் என்ற இடத்தில் ஒரே ஒரு பதிவைத்தான் குறித்திருக்கிறாள். சத்தியமங்கலம், செந்தில்.

அடித்துக்கொண்டே இருக்கிறேன். அம்மாவும் எடுக்கவில்லை, பிள்ளையும் எடுக்கவில்லை. மஞ்சள் வெட்டு நடக்கிற நேரம், போனை வீட்டில் போட்டுவிட்டுத் தோட்டத்தில் நிற்கிறார்கள் போல. ரசம் பொங்கும்போதெல்லாம் கூப்பிட்டு உயிரை எடுத்தவர்கள், நாம் நல்ல சேதி சொல்லக் கூப்பிட்டால் எடுக்கமாட்டார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்ற ஒரே பாடம், ஆகையால் சத்தி ரோட்டில் போகிற யாராவது இதைப் படித்தால் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த அக்காவைக் கொஞ்சம் போனை எடுக்கச் சொல்லுங்களேன்.